மூன்று இதழ் விசிறி

சோனகதெரு,
யாழ்ப்பாணம்.
14.01.2024

அன்பான தம்பி சுப்யானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ராத்தா ஸபூரா எழுதுறன். அல்லாஹ்வின்ரை கிருபையாலை நானும் மகளும் சுகம். உந்தக் குளிருக்கை நீயும் சுகமாய் இருக்கவேணுமெண்டு ஒவ்வொரு தொழுகையிலும் கேக்கிறன்.

போன கிழமை நீ போனிலை கதைச்சது எனக்கு அரைவாசியும் விளங்கேல்லை. இவ்வளவு காலம் இரும்பு அடிக்கிற சத்தத்துக்கை இருந்து காது மந்தமாய்ப் போச்சு. நீ கத்த, நான் கத்த, றோட்டாலை போறவன் நிண்டு பாக்கிறான். இனி எழுது.

மகள் பஸ்லியா சொன்னாள், மாமா குப்பை புதைக்கிற வேலைக்கு மாறியிருக்கிறாராம். என்னடா இது? புத்தளம் அகதி முகாமிலை போத்தில் பொறுக்கி வித்து உன்னை இன்ஜினியருக்குப் படிப்பிச்சது குப்பை புதைக்கவோ? குப்பையைப் பற்றி எனக்குச் சொல்லாதை. உலகத்திலை குப்பை எண்டு ஒண்டு இல்லை, வாங்க ஆள் கிடைக்காத சாமான்தான் இருக்கு. உங்கை வாங்க ஆள் இல்லாட்டி விலாசத்தை அனுப்பு, நான் லொறியோடை வாறன்.

பஸ்லியா தலைப்பிள்ளைக்கு என்னட்டை வந்து நிக்கிறாள். சித்திரை கழிய எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். மருமகன் அஸாம் புத்தளத்திலை உப்பள வேலையை விட்டிட்டு வரேலாது, மாசத்துக்கு ஒருக்கால் வந்து போறார்.

கடை பரவாயில்லை. எங்கையோ ஏலம் விட்ட பழைய ஆலை ஒண்டின்ரை இரும்பு மூண்டு கை மாறி என்னட்டை வந்திருக்கு. இரண்டு லொறி. இன்னும் பிரிச்சு முடியேல்லை. மயிலிட்டி பிலிப்பு கிழமைக்கு ஒருக்கால் ஈயம் கேட்டு வாறான். அந்தக் கரை முழுக்க வலைக்குண்டு வாக்கிறது அவன்தான். "அக்கா, ஈயம் இல்லாட்டி வலை மேலை மிதக்கும், மீன் கீழாலை சிரிச்சுக்கொண்டு போகும்" எண்டுறான்.

குளிர்ச் சட்டையில்லாமல் வெளியிலை இறங்காதை.

உன் ராத்தா,
ஸபூரா


பின்லாந்து
02.02.2024

அன்பின் ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கடை கடிதம் வந்த அண்டு இங்கை கடல் உறைஞ்சு, அதுக்கு மேலாலை ஆக்கள் நடந்து போனவை. நான் சுகம். மூக்கு மட்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரிக் கிடக்கு. பஸ்லியாவுக்கு நல்லாய்ச் சாப்பாடு குடுங்கோ.

ராத்தா, நான் புதைக்கிற குப்பைக்கு லொறி கொண்டுவர வேண்டாம். அணு உலையிலை எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள் அது. அதிலையிருந்து வாற கதிரைக் கண்ணாலை காணேலாது, மணம் இல்லை, தொட்டால் நோவும் இல்லை. ஆனால் கிட்ட நிண்ட மனிசனை உள்ளுக்குள்ளாலை எரிச்சுப்போடும். ஆளுக்கு அது சில நாள் கழிச்சுத்தான் தெரியவரும்.

அதை முதலிலை வார்ப்பிரும்புக்கை வைச்சு, அதுக்கு மேலை மூண்டு விரல் தடிப்பிலை செம்புப் பானை போட்டு ஒட்டுவம். பிறகு நிலத்துக்குக் கீழை நானூறு மீற்றருக்கு மேலை போய், கருங்கல்லிலை குடைஞ்ச குழிக்குள்ளை இறக்குவம். சுத்திவரக் களிமண் கட்டி. தண்ணி பட்டால் ஊதிப் பெருத்து, வெடிப்பையெல்லாம் தானே அடைக்கிற களிமண். பானையை இறக்கிற மெசினிலைதான் எனக்கு வேலை. பஸ் மாதிரிப் பெரிசு, நத்தை மாதிரி வேகம், ஓட்ட ஆள் இல்லை. நாங்கள் தூரத்திலை திரையைப் பாத்து ஓட்டுறம். இப்ப வெறும் பானையை வைச்சுத்தான் பழகிப் பாக்கிறம்.

இலட்சம் வருஷத்துக்கு அது அசையக்கூடாது. மேலை என்ன அடையாளம் போடுறதெண்டு இங்கை ஒரு பெரிய வாக்குவாதம். அப்ப எந்தப் பாஷை இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு பகுதி, அடையாளமே வேண்டாம், சனம் மறக்கட்டும் எண்டு சொல்லுது.

நீங்கள் இப்பவும் விலை பேசேக்கை விரலுக்கை நட்டு உருட்டுறீங்களோ? நான் இங்கை கூட்டங்களிலை ஒரு பேனை மூடியை உருட்டுறன். உங்கடை பழக்கம்தான்.

வஸ்ஸலாம்.
தம்பி சுப்யான்


யாழ்ப்பாணம்
25.02.2024

அன்பான தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் சுகம், அவ்விடமும் அப்பிடியே இருக்க துஆ.

உன்ரை கடிதத்தை இரண்டு தரம் வாசிச்சன். மூண்டு விரல் தடிப்பிலை செம்பு! அதையோ மண்ணுக்கை விடுறீங்கள்? தம்பி, நான் ஒண்டு சொல்லுறன், உன்ரை பெரியாக்களிட்டைச் சொல்லு. கல்லைப் போட்டாலும் மண்ணைப் போட்டாலும் அதுக்குள்ளை செம்பு இருக்கெண்டால் என்னைப்போல ஒருத்தி வந்து தோண்டுவாள். ஆயிரம் வருஷம் கழிச்சும் வருவாள். அவளுக்கு உங்கடை அடையாளம் ஒண்டும் கண்ணிலை தெரியாது. செம்புதான் தெரியும்.

அந்த ஆலை இரும்புக்குள்ளை ஒரு அதிசயச் சாமான் வந்தது. சோத்துப் பானை அளவு இரும்புக் கூடு. இரண்டு ஆம்பிளையள் சேந்து தூக்கினால்தான் அசையும். கூட்டைப் பிளந்து நகத்தாலை கீறினன், உள்ளுக்கை வெள்ளையாய்ச் சிரிச்சுது. சுத்த ஈயம்! வெளியிலை ஒரு மஞ்சள் தகடு, மூண்டு இதழ் விசிறி மாதிரி ஒரு படம் தேஞ்சு கிடந்தது. மின்விசிறிக் கொம்பனிக்காரன்ரை மார்க்காக்கும் எண்டு நினைச்சன். தகடு அலுமினியம், கழட்டி அலுமினியத்தோடை போட்டிட்டன். ஈயத்தை உருக்கிப் பிலிப்புவுக்குக் குடுத்திட்டன். அவன் குண்டு வார்த்து, இப்ப மயிலிட்டிக் கடலுக்கை கிடக்கு.

நீ நட்டைக் கேட்டாய். பழைய நட்டுத் துரு பிடிச்சுக் கையெல்லாம் கறை, எறிஞ்சிட்டன். அந்த ஈயத்துக்கு நடுவிலை ஒரு சின்ன உருக்குத் துண்டு இருந்தது. சுண்டுவிரல் நுனி அளவு. வழுவழுப்பு. துரு எண்டால் என்னெண்டே அதுக்குத் தெரியாது. இப்ப அதுதான் என்ரை நட்டு. அதை உருட்டத் தொடங்கினாப் பிறகு ஒருத்தனும் என்னட்டை விலையிலை வெல்லேல்லை.

தோசைக்கல்லிலை கை சுட்டதாக்கும், பேனை பிடிக்க எரியுது. இதோடை நிப்பாட்டுறன். நோன்பு வருது, உடம்பைப் பார்.

உன் ராத்தா,
ஸபூரா


பின்லாந்து
11.03.2024

ராத்தா,

உங்கடை கடிதம் இப்பதான் கைக்கு வந்தது. இதைத் தபாலிலை போடேல்லை. எழுதிப் படம் எடுத்துப் பஸ்லியாவின்ரை போனுக்கு அனுப்புறன். அவளோடையும் கதைச்சிட்டன். உங்களுக்குக் கேக்காதெண்டுதான் எழுத்திலையும் தாறன்.

அந்த உருக்குத் துண்டைத் தொடாதேங்கோ. எங்கை இருக்கோ அங்கையே விட்டிட்டு எல்லாரும் வெளியிலை போங்கோ. பஸ்லியா இந்த நிமிஷமே அந்த வளவை விட்டுப் போகவேணும்.

அது நான் இங்கை இறக்கிற சாமானின்ரை சின்னத் தம்பி. ஆலையளிலை தொட்டிக்குள்ளை எவ்வளவு நிரம்பியிருக்கெண்டு பாக்க வைக்கிறது. தகட்டிலை இருந்த மூண்டு இதழ் விசிறி, உள்ளுக்கை கதிர் இருக்கெண்டு சொல்லுற எச்சரிக்கை. ஈயம் அதைக் காக்கேல்லை ராத்தா, எங்களைக் காத்தது.

கொழும்பிலை அதுக்கெண்டு இருக்கிற அரசாங்க ஆக்களோடை கதைச்சிட்டன். வருவினம். அதுவரைக்கும் ஒருத்தரும் கிட்டப் போகக்கூடாது. கிணத்துக்கையும் போடாதேங்கோ. உங்கை நிலத்துக்குக் கீழை கிடக்கிறது கல் இல்லை, சல்லடை.

கை சுட்டதெண்டு எழுதினீங்கள். எந்தக் கை?

சுப்யான்


யாழ்ப்பாணம்
12.03.2024

அன்பான தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இண்டைக்குத் தலைநோன்பு. எல்லாரும் சுகம். என்ரை கண்ணாடி உடைஞ்சு போச்சு. அதாலை பக்கத்து வீட்டுக் கமலாவதி ரீச்சர் தன்ரை வீட்டு விறாந்தையிலை இருந்து நான் சொல்லச் சொல்ல எழுதுறா. இதையும் படமெடுத்து அனுப்புவா.

உன்ரை எழுத்து வந்து அரை மணித்தியாலத்துக்கை பஸ்லியாவை வானிலை ஏத்திப் புத்தளத்துக்கு அனுப்பியாச்சு. நான் ரீச்சர் வீட்டிலை நிக்கிறன். கடையிலை வேலை செய்யிறவையும் வீட்டை போயிட்டினம். ஆலைச் சாமானைப் பிரிச்சது நான்தான், அவையள் அந்தத் துண்டைத் தொடேல்லை.

கொழும்பு ஆக்கள் வர இரண்டு நாள் ஆகுமாம். தெருவிலை ஆளுக்கொரு கதை. ஒருத்தர் கிணத்துக்கை போடச் சொன்னார். தொண்ணூறிலை முஸ்லிம் சனமெண்டு எங்களை ஊரைவிட்டுத் துரத்தினாப் பிறகு எங்கடை கிணத்துக்கை ஊர் எதையெல்லாம் போட்டதெண்டு திரும்பி வந்து இறைச்ச எனக்குத் தெரியும். கிணத்தைப் பற்றி என்னோடை கதைக்கவேண்டாம் எண்டன். பிலிப்பு வந்து, "அக்கா தாங்கோ, ஆழக்கடலிலை போட்டிட்டு வாறன்" எண்டான். அதுக்கும் இல்லையெண்டன்.

துண்டு கிடந்த கடை மேசை பின்மதிலோடை இருக்கிறது உனக்குத் தெரியும். மதிலுக்கு அங்கால சின்னப் பிள்ளையள் குர்ஆன் ஓதப் போற ஒழுங்கை. அதாலை அந்தத் துண்டு இப்ப வளவுக்கு நடுவிலை இருக்கு. மேலை மணலும் ஈயமும். பிலிப்பு ஊருக்குப் போய், வலையளிலையிருந்து குண்டெல்லாத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். "உங்கடை பானை ஈயம்தானே அக்கா. முந்திச் செய்த வேலையைத் திரும்பச் செய்யட்டும்" எண்டு சொல்லிப் படலையிலை இறக்கினான். அவனை உள்ளுக்கு விடேல்லை.

கையைப் பற்றி யோசிக்காதை. தோசைக்கல்லுச் சூடுதான். ஆறிட்டுது.

நோன்பு பிடிக்கிறியோ?

உன் ராத்தா ஸபூரா


பின்லாந்து
14.03.2024

அன்பின் ராத்தாவுக்கு,

ஸலாம். நோன்பு பிடிக்கிறன். சாப்பிட மனமில்லாதவனுக்கு நோன்பு பெரிய காரியம் இல்லை.

கண்ணாடி உடைஞ்சால் ரீச்சர் எழுதலாம். ஆனால் கடிதத்துக்குக் கீழை உங்கடை பேரையும் ரீச்சர்தான் எழுதியிருக்கிறா. கண்ணை மூடிக்கொண்டும் நீங்கள் உங்கடை பேரை எழுதுவீங்கள். புத்தளத்திலை இருட்டுக் கொட்டிலுக்கை இருந்து எனக்குப் பள்ளிக்கூடப் படிவம் எல்லாம் நிரப்பினது ஆர்? உங்கடை கண்ணுக்கு ஒண்டும் இல்லை ராத்தா.

இன்னொண்டு. துண்டு நடுவளவுக்கு வந்திட்டுது, மணல் வந்திட்டுது, ஈயம் வந்திட்டுது. பிலிப்புவும் படலையோடை நிண்டிட்டான். அப்ப உள்ளுக்குக் கொண்டு போனது ஆர்?

இங்கை எங்கடை மெசினிலை மனிசன்ரை கை படுற இடம் ஒண்டுகூட இல்லை. சக்கரம் திரும்புறதும், கொக்கி பிடிக்கிறதும், பானை இறங்கிறதும் எல்லாம் திரைக்குப் பின்னாலை இருந்துதான். இத்தினை வருஷமும் இவ்வளவு பேர் மினைக்கெடுறது அந்த ஒண்டுக்காகத்தான். நான் உதைச் சொந்த ராத்தாவுக்கு முந்தியே எழுதியிருக்கவேணும்.

பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ. சுட்டதெண்டு சொல்லவேண்டாம். என்ன பட்டது, எத்தினை நாள் உருட்டினது எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ. இந்தக் கடிதத்தையும் காட்டுங்கோ.

பதில் எழுதுங்கோ. ஒரு வரி போதும்.

சுப்யான்


கொழும்பு
06.04.2024

தம்பி,

ஸலாம். இது இடக்கை. பொறுமையாய் வாசி.

உனக்குப் பதில் எழுதாமல் விட்டது கோபத்திலை இல்லை. எழுதக் கை இல்லை. ரீச்சரைக் கொண்டு இதை எழுதுவிக்க மனம் வரேல்லை.

நான்தான். வேறை ஆர்?

நீ கிட்டப் போகவேண்டாமெண்டு எழுதினாய். வாசிச்சன். ஒழுங்கையிலை பிள்ளையளின்ரை சத்தம் கேட்டுது. எனக்கே கேட்டுதெண்டால் எவ்வளவு கிட்ட எண்டு பார். இரும்பு கொழுவி இழுக்கிற நீளக் குறட்டாலை மேசையிலையிருந்து எடுத்தன். ஒரு பழைய இரும்புக் கதவை முன்னாலை தள்ளிக்கொண்டு போனன். பிறகு மணல். பிறகு ஈயம், வாளி வாளியாய். பிலிப்பு மதிலுக்கு வெளியிலை நிண்டு அழுதான். "நான் வாறன் அக்கா, நான் வாறன்" எண்டான். அவன்ரை கை வலை இழுக்கவேணும். என்ரை கை அதுக்கு முதலே போன கை. அப்பவே விரலிலை தோல் கழண்டிட்டுது. போற கைக்குத்தானே தம்பி வேலை குடுக்கவேணும்? பழுதான சாமானாலை கடைசிமட்டும் வேலை வாங்கிறதுதான் என்ரை தொழில்.

கொழும்பு ஆக்கள் மூண்டாம் நாள்தான் வந்தவை. கதிர் அளக்கிற மீற்றர் பிடிச்சுப் பாத்திட்டு, கொங்கிறீற் பீப்பாவிலை போட்டுக் கொண்டு போச்சினம். அதுக்குப் பொறுப்பான பிள்ளை என்னை வாகனத்திலை தன்ரை பக்கத்திலை இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எடுத்தாச்சு. பெருவிரலிலை பாதி. மிச்சம் நிக்குமெண்டு டொக்டர் சொல்லுறார். இரத்தத்தை ஒவ்வொரு நாளும் பாக்கினம். பஸ்லியாவையும் சோதிச்சவை. வயித்துப் பிள்ளை நல்லாயிருக்கு. வீடு கடையிலையிருந்து தள்ளி இருந்தது அல்லாஹ் செய்த காரியம்.

நோவு இருக்கு. பொய் சொல்லேல்லை. இரவிலை கூடும்.

நீ முந்தியே எழுதியிருக்கவேணுமெண்டு சொன்னாய். நீ எழுதினனி. நான்தான் செம்பை மட்டும் வாசிச்சனான்.

ஸபூரா


பின்லாந்து
20.04.2024

அன்பின் ராத்தாவுக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்து. நான் சுகம்.

உங்கடை கடிதத்துக்கு எழுதத் தொடங்கி நாலு தாளைக் கிழிச்சிட்டன். ஆகவே வேலையைப் பற்றி எழுதுறன். நேற்று வெறும் பானை குழிக்குள்ளை சரியாய் இறங்கினது. ஒரு இடத்திலையும் உரசேல்லை. எல்லாரும் கை தட்டினவை. நான் கையை மேசைக்குக் கீழை வைச்சிருந்தன்.

செம்பைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கூட்டத்திலை சொன்னன். அவை அதை முந்தியே யோசிச்சிருக்கினம். ஆனால் செம்பை மாத்தேலாது, அந்த ஆழத்துத் தண்ணிக்கை அவ்வளவு காலம் தாங்க வேறை ஒண்டும் இல்லை. தோண்டுறவளுக்குக் கட்டுப்படியாகாத ஆழத்திலை வைக்கிறதுதான் வழி எண்டினம். அடையாளத்துக்கு மட்டும் இன்னும் முடிவில்லை.

உங்கடை துண்டை இங்கை கொண்டுவரேலுமோ எண்டும் கேட்டுப் பாத்தன். ஏலாதாம். ஒவ்வொரு நாடும் தன்ரையைத் தானே வைச்சிருக்கவேணும். அது கொழும்பிலை பூட்டின அறையிலை இருக்கும்.

லீவு எழுதிப் போட்டிருக்கிறன். இரத்தம் பாத்தவை என்ன சொன்னவை? அதை மட்டும் மறைக்காதேங்கோ.

தம்பி சுப்யான்


யாழ்ப்பாணம்
30.06.2024

அன்பான தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்ரை லீவு சரிவந்ததெண்டு பஸ்லியா சொன்னாள். வரேக்கை எனக்கு ஒண்டும் கொண்டுவரவேண்டாம், நீ வந்தால் போதும். இடக்கை இப்ப பரவாயில்லை, பார், வரி நேராய்ப் போகுது.

இரத்தம் தேறிட்டுது. மாசத்துக்கு ஒருக்கால் காட்டவேணும். இனி என்ன வருமெண்டு டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறைக்கேல்லை, உள்ளது அவ்வளவுதான்.

பஸ்லியாவுக்குப் பெண்பிள்ளை. றுஷ்தா எண்டு பேர் வைச்சு, எனக்குக் காட்ட இங்கை கொண்டு வந்தவை. தூக்கிறதுக்கு இடக்கை போதும். வலக்கையைக் கண்டு பிள்ளை பயப்பிடேல்லை. மருமகன்தான் வேறை பக்கம் பாக்கிறார்.

மயிலிட்டியிலை ஒரு பிரச்சினை. ஈயத்திலை ஒண்டும் இல்லை, சுத்தம் எண்டு மீற்றர்காரர் எழுதியே தந்தவை. ஆனால் ஒருத்தரும் குண்டைத் திரும்ப வலையிலை கட்ட வரேல்லை. மூண்டு கிழமை மூட்டை மூட்டையாய் என்ரை படலையடியிலை கிடந்தது. பிறகு பிலிப்பு வந்தான். எல்லாருக்கும் முன்னாலை ஒரு குண்டை எடுத்துப் பல்லாலை கடிச்சுக் கயித்திலை இறுக்கினான். "மீன் சிரிச்சது போதும்" எண்டு சொல்லி அண்டே கடலுக்குப் போனான். அடுத்தநாள் மற்றவையும் வந்து தங்கடையை எடுத்துக்கொண்டு போச்சினம்.

நான் கடையைத் திறந்திட்டன். திறக்கிறதுக்கு முதல் அலுமினியக் குவியலைக் கிளறி அந்த மஞ்சள் தகட்டைத் தேடினன். கிடைக்கேல்லை, எப்பவோ வித்துப் போச்சு. அதாலை முன்மதிலிலை அந்த மூண்டு இதழ் விசிறியைப் பெரிசாய்க் கீறுவிச்சன். கீறி முடிச்சுத் தூர நிண்டு பாத்தன். திரும்பவும் மின்விசிறிக் கொம்பனிதான் தெரிஞ்சுது. அந்தத் தகடு என்னட்டை வந்த அண்டு அதை வாசிக்கத் தெரியாமல் விட்டவள் நான். பாஷையும் தெரியும், கண்ணும் தெரியும், இலட்சம் வருஷமும் கழியேல்லை.

அப்ப இரும்புக்குப் பூசுற சிவப்புப் பெயின்ற் வாளியிலை வலக்கையைத் தோய்ச்சு, விசிறிக்குக் கீழை வைச்சு அமத்தினன். இரண்டு விரல் முழுசாய், ஒண்டு பாதியாய். ரீச்சர் பாத்திட்டு, "என்ன ஸபூரா, யாவாரம் செய்யிற வாசலிலை" எண்டா. யாவாரம் செய்யிற வாசலிலைதான் வைக்கவேணும் ரீச்சர் எண்டன்.

போன கிழமை புத்தூர்ப் பக்கத்திலையிருந்து ஒருத்தர் வந்தார், அருட்செல்வன் எண்டு பேர். சைக்கிளிலை ஊர் ஊராய்ப் பழைய இரும்பு எடுக்கிறவர். என்னட்டை முந்தி வந்ததில்லை. படலையடியிலை சைக்கிளை நிப்பாட்டி மதிலைப் பாத்தார். பிறகு என்ரை கையைப் பாத்தார். கரியரிலை கிடந்த சாக்கை அவிட்டு மெல்ல நிலத்திலை வைச்சிட்டு, சைக்கிளையும் விட்டிட்டு, றோட்டுக்கு அங்கால போய் நிண்டார்.

"அக்கா, உதுக்கை ஒரு பாரமான சாமான் கிடக்கு. என்னெண்டு எனக்குத் தெரியாது."

கொழும்புப் பிள்ளை எனக்கு ஒரு சின்ன மீற்றர் தந்திட்டுப் போயிருக்கு. நீளத் தடியிலை கட்டிப் பிடிச்சுப் பாத்தன். ஒண்டும் இல்லை. பழைய தராசின்ரை படிக்கல்லு. அந்த மனிசன் வெக்கப்பட்டுச் சிரிச்சுது. நான் சிரிக்கேல்லை. உள்ளுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி குடுத்தன்.

உங்கை கூட்டத்திலை அடையாளத்துக்கு இன்னும் முடிவில்லையெண்டால் இந்தத் தாளைக் காட்டு. பேரை இடக்கையாலை எழுதலாம், பழகிட்டன். ஆனால் நீ ஒருக்கால் என்ரை கையைக் கேட்டாய், நான் கண்ணாடி உடைஞ்சதெண்டு சொன்னன். மதிலுக்குப் பூசின பெயின்ற் மிச்சம் கிடந்தது. பேர் இருக்கவேண்டிய இடத்திலை, கீழை, அந்தக் கையை வைச்சிருக்கிறன். காய்ஞ்சாப் பிறகுதான் மடிச்சனான்.